ஐஎஸ்ஓ

கேமராவில் ‘ஐஎஸ்ஓ’வைக் கண்டதும் அதை எழுத்தெழுத்தாக விரிக்கப் பார்ப்போம். விரியாது. 1947-இல் தொடங்கிய உலகத் தரநிர்ணய அமைப்பு, ‘சமம்’ எனப் பொருள்படும் ‘ஐசோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த தன் பெயர் இது என்கிறது. 1974-இல் ஃபிலிமின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் அமெரிக்காவின் ஏஎஸ்ஏ, ஜெர்மனியின் டின் அளவுகள் ஒன்றாக இணைய, இந்தப் பெயர் ஃபிலிம் டப்பாவில் ஏறியது. ஃபிலிம் போயிற்று, பெயர் போகவில்லை.

ஆனால் டிஜிட்டலில் ஐஎஸ்ஓ 100-ஐ 200 ஆக்கினால் சென்சாரின் உணர்திறன் கூடுவதில்லை. பெரும்பாலும், அது தரும் மின்னழுத்தம் எண்ணாக மாறுமுன் பெருக்கப்படுகிறது, அவ்வளவுதான். பல சீமாஸ் சென்சார்களில் இதற்குத் தனிப் பெருக்கிகூடத் தேவையில்லை, கெட்டிக்கார ஏற்பாடு. பிக்சலின் மின்னழுத்தத்தோடு ஒப்பிடுவதற்காகச் சீராக ஏறும் மின்னழுத்தத்தின் வேகத்தைப் பாதியாக்கினால் போதும். பிக்சலின் அளவை அது எட்ட இரு மடங்கு நேரமாகும், அந்த நேரத்தை எண்ணும் கவுன்ட்டரில் விழும் எண்ணும் இரட்டிக்கும்.