கையசைக்கத் தடை விதிக்கப்பட்ட சிற்றூர்

ஜெர்மனி நாட்டின் நடுப்பகுதியில், செக் நாட்டு எல்லைக்குச் சற்று அணித்தே, பவேரியா, தூரிங்கியா என்னும் இரு மாநிலங்கள் சந்திக்குமிடத்தில் மோட்லாராய்ட் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஏறத்தாழ ஐம்பது பேரே வாழும் உழவர் குடியிருப்பு அது. சில பண்ணை வீடுகள், ஒரு குளம், வயல்கள், அவற்றுக்கிடையே டான்பாக் என்னும் ஒரு சிற்றோடை, இவையே அவ்வூரின் உடைமைகள். பெரும்போர் எதுவும் அங்கு நிகழ்ந்ததில்லை. பெருங்கவிஞர் எவரும் அங்குப் பிறந்ததாகச் செய்தியில்லை. எனினும், இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் துயரத்தை ஓர் ஊரின் அளவில் கண்டறிய விரும்புவோர் மோட்லாராய்ட்டைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

'ராய்ட்' என முடியும் ஊர்ப்பெயர்கள் அப்பகுதியில் மிகுதி. காடழித்துத் திருத்திய நிலம் என்பது அதன் பொருள். இசைமேதை வாக்னரின் விழாவால் புகழ்பெற்ற பைராய்ட் நகரின் பெயரும் அவ்வகையினதே. டான்பாக் என்பதோ ஊசியிலை மரங்களின் ஓடை எனப் பொருள்படும். மரங்களை வெட்டி வயல் கண்ட மக்கள், நீருக்காக அவ்வோடையின் இரு கரைகளிலும் வீடு கட்டினர். ஊரை இணைத்த அந்த நீரே பின்னாளில் ஊரைப் பிரிக்கும் கோடாயிற்று.

இரு அரசுகளின் கற்கள்

ஓடையின் மேற்குக் கரை பைராய்ட் கோமகன்களின் ஆட்சியிலும், கிழக்குக் கரை ராய்ஸ் குடியினரின் ஆட்சியிலும் நெடுங்காலம் இருந்துவந்தன. ராய்ஸ் குடியில் பிறந்த ஆண்மக்கள் அனைவருக்கும் ஹைன்ரிஷ் என்ற ஒரே பெயரைச் சூட்டி, எண்ணிட்டு வேறுபடுத்துவது வழக்கம் என்பது சுவையான செய்தி. நெப்போலியன் காலக் குழப்பங்களுக்கிடையே மேற்குப் பகுதி 1810இல் பவேரிய மன்னராட்சியைச் சேர்ந்தது. அவ்வாண்டில் ஓடையோரமாக எல்லைக்கற்கள் நடப்பட்டன. கல்லின் ஒரு முகத்தில் பவேரிய அரசின் முதலெழுத்துகளும், மறுமுகத்தில் ராய்ஸ் சிற்றரசின் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டன.

சட்டத்தின் பார்வையில் அன்றே மோட்லாராய்ட் இரண்டு ஊர்களாகிவிட்டது. ஊராரின் பார்வையில் அது ஒன்றாகவே இருந்தது. பள்ளிக்கூடமும் மதுவிடுதியும் கிழக்குக் கரையில் இருந்தன. இரு கரைப் பிள்ளைகளும் அங்கேயே பயின்றனர். பெரியோர் அங்கேயே மாலைப் பொழுதைக் கழித்தனர். ஞாயிறு வழிபாட்டுக்கோ இரு கரையினரும் மேற்கே அடுத்திருந்த டோப்பன் ஊரின் தேவாலயத்துக்குச் சென்றனர். ஓடைக்குக் குறுக்கே பெண் கொடுத்தனர், பெண் எடுத்தனர்.

முதல் உலகப்போரின் முடிவில், 1918இல், மன்னர்கள் முடிதுறந்தனர். 1920இல் ராய்ஸ் உள்ளிட்ட சிற்றரசுகள் இணைந்து தூரிங்கியா மாநிலம் உருவாயிற்று. ஆட்சிகளின் பெயர் மாறியதேயன்றி ஓடையோர வாழ்வில் மாற்றமில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கற்கள் வெறும் கற்களாகவே நின்றன என்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்ளுதல் வேண்டும். எல்லை என்பது தன்னளவில் மனிதரைப் பிரிப்பதில்லை. அதைக் கொண்டு பிரிக்க முனைவோர் வரும்வரை அது காத்திருக்கிறது.

புழுவும் பூவும்

இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் தம்முள் பகுத்துக்கொண்டன. பவேரியா அமெரிக்கர் வசமும், 1945 ஜூலை முதல் தூரிங்கியா சோவியத் படையினர் வசமும் ஆயின. பகுப்புக்குப் பழைய மாநில எல்லைகளே கோடுகளாகக் கொள்ளப்பட்டமையால், 1810இன் கற்கள் திடீரென உலக அரசியலின் கற்களாயின. 1949இல் மேற்கிலும் கிழக்கிலும் தனித்தனி ஜெர்மன் அரசுகள் தோன்றியபோது, ஒரே ஊரின் இரு கரைகள் இரு நாடுகளாயின. எனினும் சீட்டுப் பெற்று ஓடையைக் கடக்கும் வாய்ப்பு இன்னும் சில காலம் எஞ்சியிருந்தது.

1952 மே 26ஆம் நாள் கிழக்கு ஜெர்மன் அரசு பிறப்பித்த ஆணை அந்த வாய்ப்பையும் மூடியது. எல்லையை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குத் தடைப்பகுதி, அதனுள் 500 மீட்டர் அகலத்துக்குக் காவற்பகுதி, எல்லையருகே பத்து மீட்டர் அகலத்துக்கு உழுது வெறுமையாக்கப்பட்ட நிலம் என மூன்று அடுக்குகள் வகுக்கப்பட்டன. ஊரின் நடுவே ஆளுயரப் பலகை வேலி எழுந்தது.

அடுத்த மாதமே எல்லையோர ஊர்களில் 'நம்பத்தகாதவர்' எனப் பட்டியலிடப்பட்ட குடும்பங்கள் வீடு வாசலைவிட்டு உள்நாட்டுக்கு வலிந்து அகற்றப்பட்டன. அந்நடவடிக்கைக்கு அதிகாரிகள் வழங்கிய பெயர் 'ஊன்கெட்ஸீஃபர்'. ஒழித்துக்கட்டத் தக்க புழுபூச்சி என்பது அதன் பொருள். 1961இல் இரண்டாம் முறையாக மக்கள் அகற்றப்பட்டபோது, சில பகுதிகளில் அதற்கு வயல்களில் பூக்கும் ஒரு நீலநிறப் பூவின் பெயர் இடப்பட்டது. இரு முறையும் சேர்த்து எல்லை நெடுகிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பிறந்த மண்ணை இழந்தனர். அண்டை வீட்டாரை முதலில் புழு என்றனர். பின்னர் அதே செயலுக்குப் பூ என்றனர். சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. வன்முறை சொல்லில் தொடங்குவதும் உண்டு. சொல்லில் ஒளிந்துகொள்வதும் உண்டு.

மோட்லாராய்ட்டும் இதற்கு விலக்காகவில்லை. ஓடையோரமாக இருந்த மாவாலையை நடத்திய குடும்பம் 1952இல் மேற்கே தப்பிச் சென்றது. ஆலை பின்னர் இடிக்கப்பட்டது. இதனினும் கொடிய முடிவைச் சந்தித்த ஊர்களும் உண்டு. தூரிங்கியாவின் பில்முட்ஹவுசன் என்னும் எல்லையோரச் சிற்றூர் 1978இல் அறவே தரைமட்டமாக்கப்பட்டது.

எழுநூறு மீட்டர்

1961 ஆகஸ்டு 13இல் பெர்லின் நகரம் அடைபட்டதை உலகம் அறியும். ஐந்தாண்டுகள் கழித்து, 1966இல், மோட்லாராய்ட்டின் பலகை வேலிக்கும் முள்வேலிக்கும் மாற்றாக 700 மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் உடைய கற்காரைச் சுவர் எழுந்ததை அறிந்தோர் சிலரே. இரு ஜெர்மனிகளுக்கும் இடைப்பட்ட எல்லை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதியில் கம்பி வேலியே இருந்தது. வீடுகள் நெருங்கி நின்று, முகம் முகத்தைக் காணக்கூடிய இத்தகைய இடங்களில் பார்வையை மறைக்கும் சுவர் தேவைப்பட்டது போலும். அமெரிக்க வீரர்கள் அவ்வூருக்குக் 'குட்டி பெர்லின்' எனப் பெயரிட்டனர்.

சுவர் நின்றது கிழக்கு மண்ணில், ஓடைக்குச் சற்றுப் பின்னே. எல்லையோ ஓடையின் நடுவில். இரவு முழுவதும் விளக்கொளி பாய்ந்தது. கிழக்குக் கரையினர் தம் சொந்த வீட்டில் வாழவே தனிச்சீட்டு வேண்டியிருந்தது. வெளியூர் உறவினர் விரும்பிய நாளில் வந்து கதவைத் தட்ட இயலாது. மேற்குக் கரையில் நிலைமை வேறு. அங்கே பயணிகள் வந்தனர், படம் பிடித்தனர், சுவருக்கு அப்பால் தெரிந்த கூரைகளை நோக்கிக் கையசைத்தனர். எதிரே நின்றவர் மறுகை அசைக்கவில்லை. ஏனெனில் மேற்கு நோக்கிக் கையசைப்பதும் வணக்கம் கூறுவதும் கிழக்கில் தடை செய்யப்பட்டிருந்தன.

இவ்வூர் வரலாற்றின் உச்சமான துயரம் இதுவே எனலாம். கற்காரையை ஓர் அரசு எழுப்ப முடியும். ஆயினும் அது போதவில்லை. உயர்த்திய ஒரு கை, உரக்கக் கூறிய ஒரு வாழ்த்து, இவை சுவருக்கு மேலே கடந்துவிடும் என்பதை அந்த அரசு அறிந்திருந்தது. ஆகவே கைகளுக்கும் நாவுக்கும் காவலிட்டது. ஒருவரையொருவர் கண்டும் காணாதார் போல வாழப் பழகுவது, காணவே முடியாமல் வாழ்வதினும் கொடிது.

1973இல் நடப்புக்கு வந்த உடன்படிக்கையின் பயனாக, மேற்கு எல்லையோர மக்கள் கிழக்கிற்கு ஒருநாட் பயணம் செல்ல வழி பிறந்தது. ஆயினும் காவற்பகுதிக்குள் இருந்த ஊர்களுக்கு அவ்வுரிமை இல்லை. ஓடைக்கு அக்கரையில் வாழ்ந்த உடன்பிறப்பைக் காண, நெடுவழி சுற்றிச் சென்று, தடைப்பகுதிக்கு வெளியே வேற்றூரில் சந்திக்க வேண்டியிருந்தது. அதே 1973இல் ஒருவர் ஏணி வைத்துச் சுவரேறி மேற்கே தப்பினார். 1983 பிப்ரவரியில் அன்றைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் வந்து மேற்குக் கரையில் நின்று சுவரைப் பார்த்துச் சென்றார். தலைவர்கள் வந்துபோயினர், சுவர் நின்றது.

மீண்டும் ஓடை

1989 நவம்பர் 9இல் பெர்லினில் வாயில்கள் திறந்தன. மோட்லாராய்ட் மக்கள் மேலும் ஒரு திங்கள் காத்திருந்தனர். டிசம்பர் 9ஆம் நாள் சுவரில் நடந்து கடப்பதற்கான ஒரு வழி திறக்கப்பட்டது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஊரார் ஊராரைச் சந்தித்தனர். 1952இல் பள்ளிச் சிறுவராய்ப் பிரிந்தவர்கள் நடுவயதினராய் எதிரெதிரே நின்றனர். 1990 ஜூன் 17இல் இயந்திரங்கள் சுவரை இடித்தன. 1953இல் கிழக்கு ஜெர்மன் தொழிலாளர் எழுச்சி நிகழ்ந்த அதே ஜூன் 17 அது என்பது குறிப்பிடத்தக்கது. சுவரின் ஒரு பகுதியும் காவற்கோபுரமும் இடிக்கப்படாமல் காக்கப்பட்டு, இன்று திறந்தவெளி அருங்காட்சியகமாக விளங்குகின்றன. இவ்வூரின் வரலாற்றைத் தழுவிய கற்பனைச் சிற்றூர் ஒன்று, ஓடையின் பெயரையே தாங்கி, 2015இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் தொடராகவும் வந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 3இல் என்று தொலைக்காட்சித் தொடரின் காலத்தோடு மயங்கற்க. நாடு ஒன்றானது 1990 அக்டோபர் 3இல். நாடு ஒன்றான பின்னும் ஊர் சட்டப்படி ஒன்றாகவில்லை என்பது அயலாருக்கு வியப்பளிக்கும். மேற்குக் கரை பவேரியாவின் டோப்பன் ஊராட்சியிலும், கிழக்குக் கரை தூரிங்கியாவின் கெஃபெல் நகராட்சியிலும் அடங்கியுள்ளன. ஊர்த்தலைவர் இருவர், அஞ்சல் குறியீட்டெண் இரண்டு, தொலைபேசிக் குறியீடும் இரண்டு. அக்டோபர் 31, திருச்சபைச் சீர்திருத்த நாள், கிழக்கில் விடுமுறை, மேற்கில் வேலைநாள். மறுநாளான நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள், மேற்கில் விடுமுறை, கிழக்கில் வேலைநாள். வாழ்த்துச் சொல்லும் வேறு. மேற்கில் இறைவனை முன்னிறுத்தி 'க்ரூஸ் கோட்' என்பர். கிழக்கில் நன்னாள் எனும் பொருளில் 'கூட்டன் டாக்' என்பர்.

இவ்வேறுபாடுகளைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. 1810இன் எல்லை மீண்டும் தன் பழைய நிலைக்கு, வெறும் கல்லின் நிலைக்கு, திரும்பியிருக்கிறது. டான்பாக் ஓடை அன்றும் ஓர் எட்டில் கடக்கத்தக்கதாகவே இருந்தது. இன்றும் அவ்வாறே உள்ளது. ஒரு கரையில் ஒருவர் ஒரு சொல்லால் வாழ்த்த, மறுகரையில் மற்றவர் வேறொரு சொல்லால் மறுமொழி கூறுகிறார். சொற்கள் இரண்டாயினும் கை உயர்கிறது. நாற்பது ஆண்டுக்கால வல்லமை தடுத்து வைத்திருந்தது அந்தச் சிறு செயலைத்தான்.