இசைத்தட்டின் உடலும் உறையும்

சார்மினாரை அடுத்த லாட் பஜாரில், அரக்கை அனலில் காட்டி, இளகியதும் உருட்டி வளைத்து, கண்ணாடிக் கற்களைப் பதித்து வளையலாக்கும் கைவினைஞரை நம் இரட்டை நகரங்களில் வாழ்வோர் பலரும் கண்டிருப்பர். அவ்வளையலுக்கு 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே அரக்கில்தான் அறுபது ஆண்டுக்கும் மேலாகத் தமிழிசையும் பதிந்து கிடந்தது என்பதை நினைப்பவர் சிலரே. அரக்கு என்றதும் பாரதத்து அரக்கு மாளிகையே நம்மவர் நினைவில் எழும். நம் முன்னோர் தம் கூடத்தில் வைத்துக் கேட்ட கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் தியாகராஜ பாகவதரும் குடியிருந்ததும் அரக்கு மாளிகையில்தான் எனலாம்.

அரக்குப்பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைத் தூய்மை செய்து, அவல் போல் மெல்லிய தகடாக்குவதால் அதற்கு அவலரக்கு என்று பெயர். சோட்டா நாகபுரிக் காடுகளே அதன் தாயகம். ராஞ்சியை அடுத்த நாம்குமில் 1924இல் அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையமே தோன்றியது. சூட்டில் இளகி, குளிர்ந்ததும் இறுகி, தன்மேல் அழுத்திய நுண்ணிய கோட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் இயல்பினால் இசைத்தட்டுக்கு அது ஏற்றதாயிற்று. ஆயினும் தட்டு முழுவதும் அரக்கன்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத அரக்கோடு கற்பொடி, புகைக்கரி, பஞ்சுத் துகள் ஆகியன கலந்ததே தட்டு. கற்பொடி விலை குறைக்க மட்டும் சேர்ந்ததில்லை. எஃகு முள் முதல் சில சுற்றுகளிலேயே தேய்ந்து பள்ளத்தின் வடிவுக்குப் பொருந்தவேண்டும். அதற்கு உரசும் தன்மை தேவைப்பட்டது. பழைய தட்டின் நீங்காத இரைச்சலுக்குக் காரணமும் அந்த உரசலே. பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்றச் சொன்னதும் இதனால்தான். சிக்கனம் கருதி ஒரே முள்ளால் பத்துப் பக்கம் ஓட்டிய இல்லங்களின் தட்டுகளை இன்று கேட்டால் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும்.

கல்கத்தாவில் 1902 நவம்பரில் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தபோது நம் நாட்டில் தட்டு அச்சிடும் ஆலை இல்லை. பதிந்த மூலங்கள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறின. அங்கே அச்சாகித் தட்டுகளாய்த் திரும்பின. பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறுவதைக் கேட்டிருப்போம். எந்தத் தட்டு யாருடையது என்று ஹனோவர் தொழிலாளர் அறிவதற்காகவே அவ்வாறு சொல்லவைத்தனர் என்பர். நம் காட்டு அரக்கும் நம் பாடகி குரலும் வெவ்வேறாய்க் கடல் கடந்து, ஒன்றாகி மீண்டும் வந்திறங்கிய விந்தை அது! கல்கத்தா சியால்தாவில் 1908இல் ஆலை ஏற்பட்டதும் அப்பயணம் தேவையற்றுப் போயிற்று. 1928இல் டம்டம்மில் பேராலை எழுந்தது. ஹனோவரில் அச்சானது என்று முகப்பில் குறித்த தட்டு ஒன்றையும் பின்னாளைய உள்நாட்டு அச்சு ஒன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும் வாய்ப்பு ஒருமுறை நமக்கு வாய்த்தது. முன்னதன் பரப்பு கண்ணுக்கே வழவழப்பாக இருந்தது. முள் இறங்கியதும் எழுந்த இரைச்சலும் குறைவு. ஒரு சோடியைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் தகாது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

இந்த ஒப்பீடெல்லாம் வெறும் காதின் ஆசை என்று கருதுவோர் எஸ். ஜி. கிட்டப்பாவை நினைத்துப் பார்க்கவேண்டும். 1933இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார் அவர். திரைப்படத்தில் அவர் இல்லை. வானொலிப் பதிவும் இல்லை. பத்தங்குல அரக்குத் தட்டில், பக்கத்துக்கு மூன்று நிமிடமாக எஞ்சியதே நமக்குள்ள கிட்டப்பா. ஆகவே தட்டின் அச்சு நன்றாக இருந்தால் கிட்டப்பா நன்றாக இருப்பார். அச்சு மங்கினால் அவரும் மங்குவார்.

அவருடைய ஒரே பக்கத்தின் இரு படிகள் நமக்குக் கிடைத்தன. ஒன்று மாரேட்பள்ளித் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெட்டியிலிருந்து வந்தது. மற்றது ஹைதராபாத் ஜுமேராத் பஜாரின் வியாழக்கிழமைக் குவியலில் கிடைத்தது. பாட்டு முடிந்த இடத்துக்கும் முகப்புத் தாளுக்கும் இடைப்பட்ட வெற்றுப் பரப்பில் பொறித்த எண் இரண்டிலும் ஒன்றே. ஆதலால் மூலமும் ஒன்றே. முதற்படியில் பிருகாக்கள் மணி மணியாக உதிர்ந்தன. ஆர்மோனியம் குரலுக்குப் பின்னே தனித்து நின்றது. இரண்டாம் படியில் அப்பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆர்மோனியமும் குரலும் ஒரே கலவையாயின. இதனை மட்டும் கேட்டவர், விரைவில் ஸ்வரம் தெளியாத பாடகர் என்று எழுதிவிடக்கூடும். அவ்வாறு எழுதினால் பழி யாரைச் சேரும்?

குறை அச்சினதா, தேய்மானத்தினதா என்று பிரித்தறிய ஒரு வழியுண்டு. குரல் தொடங்குமுன் முள் ஓடும் வெற்றுப் பள்ளத்தைக் கேட்கவேண்டும். அங்கு எழும் இரைச்சல் பெரும்பாலும் பொருளின் இரைச்சல். குரல் ஓங்கும் இடங்களில் மட்டும் கரகரப்பு எழுந்து, அவ்விடங்களில் பள்ளமும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது முள் செய்த வேலை. தொடக்கம் முதல் முடிவு வரை சீராக மங்கியிருந்தால், பல தட்டுகளை அழுத்தித் தேய்ந்துபோன அச்சுத் தகட்டிலிருந்து பிறந்த பிற்படி என்று ஐயுறலாம். நம் இரண்டாம் படி இவ்விரு குறைகளையும் சுமந்திருந்தது.

சுருதி பற்றிய சிக்கல் இதனினும் நுட்பமானது. எழுபத்தெட்டுச் சுற்று என்பது பெயரளவில் நின்ற காலமும் உண்டு. பழைய பதிவுகள் பல எழுபது முதல் எண்பதுக்கு மேலும் பல வேகங்களில் பதிவாகியுள்ளன. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும்; தாளமும் விரையும். நாடக மேடையில் ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசை வரை எட்டப் பாடியோரின் சுருதி எத்தனை கட்டை என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். அப்பேச்சுக்குச் சான்று தட்டாயின், எந்த வேகத்தில் ஓட்டிய தட்டு என்று முதலில் கேட்டல் வேண்டும். கேசட்டிலும் பின்னர்க் கணினியிலும் ஏற்றியோர் பலர் இதைக் குறித்து வைக்கவில்லை. இரைச்சலைக் குறைக்கப்போய் மேல் ஒலிகளையும் சேர்த்து வழித்துவிட்டோரும் உளர்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் அரக்குக்குப் பஞ்சம் நேர்ந்தது. அமெரிக்க அரசு 1942இல் தட்டுத் தொழிலுக்கு அரக்கை வெட்டிக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று அரைத்துப் புதுத் தட்டாக்கும் வழக்கம் மேலை நாடுகளில் பரவியது. அரக்கு விளையும் நம் நாட்டிலும் அக்காலத் தட்டுகளில் கரகரப்பு மிகுதி என்பது நாம் கேட்டவரையில் கண்டது. ‘ஹரிதாஸ்’ 1944இலும் ‘மீரா’ 1945இலும் வெளிவந்தன. பாகவதரின் பொற்காலமும் எம். எஸ். சுப்புலட்சுமியின் திரைப்புகழும் அந்த நெருக்கடியான ஆண்டுகளில் அமைந்தது இசை வரலாற்றின் கெடுவாய்ப்பு.

வினைல் தட்டு அமெரிக்காவில் 1948இல் அறிமுகமாயிற்று. கற்பொடி நீங்கியதால் இரைச்சல் தணிந்தது; பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் கிடைத்ததால் ஆலாபனை மூச்சு விட்டது. நம் நாட்டில் மட்டும் எழுபத்தெட்டுச் சுற்று எளிதில் விடைபெறவில்லை. பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகள் 1960களின் நடுவில் கூட இங்கு அரக்குத் தட்டாக வந்தன. மேனாட்டுச் சேகரிப்பாளர் அவற்றை இன்று பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர். கைச்சாவி கிராமபோன் வைத்திருந்த சிற்றூருக்காகச் செய்த தட்டு சீமையில் அரும்பொருளானது வேடிக்கைதான்.

எல்பி வந்தபின் உறையும் ஓர் ஏடாயிற்று. அரக்குத் தட்டுக்கு நடுவில் வட்டத்துளையிட்ட பழுப்புத் தாளே உறை. அதில் முள் விளம்பரமும் விற்ற கடையின் பெயரும் இருக்கும். எல்பிக்கோ அட்டை உறை. அமெரிக்க உறை தடித்த அட்டையின்மேல் அச்சுத்தாளை ஒட்டியது. ஆங்கில உறை மெல்லிய அட்டையை மடித்து விளிம்பை ஒட்டி, முகப்பில் பளபளக்கும் படலம் போர்த்தியது. நம் உறைகள் பலவும் ஆங்கில வழியைப் பின்பற்றின. நன்சச் நிறுவனம் 1968இல் அமெரிக்காவில் வெளியிட்ட ராம்நாட் கிருஷ்ணனின் ‘வித்வான்’ போன்ற தட்டுகளில் இசையறியா அயலார்க்கு வேண்டிய விளக்கமும் சேர்ந்து வந்தது. நம்மவர்க்கு விளக்கம் வேண்டா என்று கருதினரோ என்னவோ, உள்ளூர் உறைகள் பலவற்றில் பக்கவாத்தியக்காரர் பெயரைக் கூடத் தேடவேண்டியிருக்கிறது; பதிந்த நாள் அறவே இல்லை. ‘பஜ கோவிந்தம்’ தட்டின் தொடக்கத்தில் இராஜாஜியின் குரலே முன்னுரையாக ஒலிப்பதை நினைக்க, அச்சில் இவ்வளவு சிக்கனம் ஏன் என்று தோன்றுகிறது.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் உலகெங்கும் தட்டுகள் மெலிந்தன. மறுசுழற்சி வினைலும் கலந்தது. மெலிந்த தட்டெல்லாம் தாழ்ந்த ஒலியன்று. நல்ல தகட்டில் பிறந்த மெல்லிய தட்டு, தேய்ந்த தகட்டில் பிறந்த கனத்த தட்டை வெல்வதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் செகந்திராபாத்தின் மே மாத வெயிலுக்கு மெலிந்த தட்டு தாங்காது. சாய்த்து அடுக்கிய தட்டு ஒரே கோடையில் அப்பளமாக வளையும். கடையில் சுற்றிய இறுக்கமான பாலிதீன் உறையைக் கழற்றாமல் ‘புதிதாகவே’ காத்தவரின் தட்டும் அவ்வாறே வளைந்ததை நாம் கண்டதுண்டு.

1990களில் உள்நாட்டு வினைல் அச்சு அற்றுப்போயிற்று. பழைய இந்தியப் பதிவுகளுக்கு மீண்டும் வினைலில் விருப்பம் எழுந்தபோது, ஹனோவர் நாளைப் போலவே ஐரோப்பிய ஆலைகளை நாடவேண்டியிருந்தது. 2024இல்தான் மும்பையில் புதிய ஆலை ஒன்று தொடங்கிற்று. புது அச்சுகள் கனமாகவும் உறைகள் மிடுக்காகவும் உள்ளன. மூல நாடாவிலிருந்து எடுத்ததா, கணினிக் கோப்பிலிருந்து எடுத்ததா என்பதை மட்டும் உறை பெரும்பாலும் சொல்வதில்லை.

ஜுமேராத் பஜாரில் நாம் கண்ட வியாபாரி, தட்டுகளை வெறுமையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உறைகளைத் தனிக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். அக்கட்டில் சென்னைக் கடைப் பெயர் அச்சிட்ட பழுப்பு உறைகள் ஏழு இருந்தன. எந்தத் தமிழ் இல்லத்திலிருந்து வந்தவை என்று அவருக்குத் தெரியவில்லை. உறைக்கு விலை கேட்டோம். தட்டு வாங்கினால் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.