கழிவுநீர்க் கிருமிநீக்கம்: வேதிமுறைகள்

கழிவுநீரை ஆற்றிலோ கடலிலோ விடுமுன் அதிலுள்ள நோய்க்கிருமிகளை வேதிப்பொருள்களால் அழிப்பது. குளோரினும் அதன் சேர்மங்களுமே பெருவழக்கு. ஓசோன், பெர்அசெட்டிக் அமிலம் ஆகியவையும் பயன்படுகின்றன.

இம்முறை நாற்றம் போக்குவதில் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் துணி வெளுப்பதற்காக 1799-இல் காப்புரிமை பெற்ற சலவைத்தூள் இதற்கும் உதவியது. 1820-களில் பாரிஸ் மருந்தாளர் லாபராக், விலங்குக் குடல் பதனிடும் பட்டறைகளில் குளோரின் சேர்மங்களைப் பயன்படுத்தினார்.

1858 கோடையில் லண்டன் தேம்ஸ் நதி சாக்கடையாக நாறியது. சாக்கடைகள் ஆற்றில் கலக்கும் இடங்களில் சுண்ணாம்பும் சலவைத்தூளும் கார்பாலிக் அமிலமும் கொட்டப்பட்டன. வாரச் செலவு சுமார் 1,500 பவுண்டு. நீர் வடிந்த வேளைகளில் ஆட்கள் கரைச்சேற்றில் இறங்கிச் சுண்ணாம்பு பரப்பினர். நாடாளுமன்றத்தின் சன்னல் திரைகளைச் சலவைத்தூள் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டனர். அப்படியும், நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக்கட்டும் மறுகையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டையுமாகக் குழு அறையைவிட்டு விரைந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. கெட்ட காற்றே காலராவைத் தருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. தண்ணீர்வழி பரவுகிறது என வாதிட்டுவந்த மருத்துவர் ஜான் ஸ்னோ அதே ஆண்டு ஜூன் 16-இல் காலமானார். கொட்டிய மருந்துகள் எந்த அளவுக்குப் பயன்பட்டன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நாற்றம் தீர வழிசெய்தவை பொறியாளர் பேசல்கெட் பின்னர் கட்டிய சாக்கடைகளே.

கிருமியைக் கொல்லும் நோக்கில் கழிவுநீருக்குக் குளோரின் இட்ட முதல் ஊர் எது என்பது உறுதியில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கும் நியூயார்க் மாநிலத்தின் புரூஸ்டரும் 1893-ஐ ஒட்டிச் சுட்டப்படுகின்றன. புரூஸ்டரில் உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் கிருமிநாசினி தயாரித்தனர்.

குளோரின் மலிவு. ஆனால் கழிவுநீரிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து வலுக்குறைந்த குளோரமின்களாகிவிடும். எஞ்சுவது மீன்களுக்கு நஞ்சு என்பதால் கந்தக டைஆக்சைடு போன்றவற்றால் அதை முறிக்க வேண்டும். குளோரின் இட்ட குடிநீரில் குளோரோஃபார்ம் உண்டாவதை 1974-இல் நெதர்லாந்தின் யோகன்னஸ் ரூக் வெளியிட்டபின் இம்முறைமீது ஐயம் வலுத்தது. ஓசோன் சில நிமிடங்களில் வேலையை முடிக்கும். ஆனால் அவ்விடத்திலேயே தயாரிக்க வேண்டும், மின்செலவும் அதிகம். பெர்அசெட்டிக் அமிலம் சிதைந்து காடிஅமிலமாக மாறும். தீய துணைப்பொருள்கள் குறைவு, விலை கூடுதல். அண்மைக் காலத்தில் சில நிலையங்கள் இதற்கு மாறியுள்ளன.

தமிழகத்தில் மழைக்குப்பின் தெருவோரச் சாக்கடைகளில் தூவப்படும் வெண்தூளும் டென்னன்டின் சலவைத்தூளே. அழுக்கு மிகுந்த நீரில் அதன் குளோரினில் பெரும்பகுதி கிருமியை எட்டுமுன்னரே செலவாகிவிடுகிறது.