ரீட்டாவின் மாத்திரை

ஏடிஹெச்டி, அதாகப்பட்டது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு (யப்பா... மூச்சு வாங்குது) என்றதும் பலருக்கும் ஞாபகம் வரும் மாத்திரை ரிட்டாலின். பேர்க்காரணம் தெரியுமோ?

1944-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்கிற வேதியியலாளர் மெத்தில்ஃபெனிடேட்டைத் தயாரித்தார். அவர் மனைவி மார்கரீட், செல்லமா ரீட்டா, டென்னிஸ் ஆடப்போகும் முன்னாடி அதைப் போட்டுக்கிட்டா ஆட்டம் நல்லா வந்துச்சாம். அவர் பேரையே மருந்துக்கு வெச்சுட்டார் மனுஷன்.

பேரு ஒரு பொம்பளையோடது. ஆனா கோளாறுக்கு மட்டும் ரொம்ப காலம் சின்னப் பையன் முகம்தான்! 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 20 பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். 15 பையன்கள், 5 பெண்கள். ஆக, பெண் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே கணக்கில் இருந்தாங்க, கவனிங்க மக்களே.

1968-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதுக்கு 'குழந்தைப்பருவ மிகையியக்க எதிர்வினை' என்று பேர் சூட்டியது. 'குழந்தை', 'மிகையியக்கம்' ரெண்டும் பேரிலேயே இருக்கு. அப்போ, யாருக்கும் தொந்தரவு தராம ஜன்னலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பொண்ணு? டீச்சர் ஏன் புகார் சொல்லப் போறார்! 1980 பதிப்புதான் துருதுருப்பு இல்லாமலும் இது வரலாம்னு ஒத்துக்கிட்டது.

அந்தப் பொண்ணு வளர்ந்து அடுப்பில் பாலை வெச்சுட்டு மறப்பா. கரண்ட் பில்லுக்குக் கடைசி தேதி தாண்டும். மத்தவங்க ஒரு மணி நேரத்தில் முடிக்கிறதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடிப்பா, வெளியே தெரியாது. டாக்டரிடம் போனா மனச்சோர்வுன்னு மாத்திரை கிடைக்கும். தன் பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பும்போது 'அட, இது நானாச்சே' என்று கண்டுபிடித்த அம்மாக்கள் ஏராளம். 1995-ல் சாரி சோல்டன் இந்தப் பெண்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார்.

விளையாட்டு விஷயமில்லைங்க. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்டீஃபன் ஹின்ஷா குழு, 1990களின் கடைசியில் இந்தக் கோளாறுள்ள 140 சிறுமிகளைத் தொடர ஆரம்பித்தது. இளம்பெண்களான பிறகு அவர்களில் தற்கொலை முயற்சியும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் மற்ற பெண்களைவிட அதிகம் என்று 2012-ல் எழுதினார்கள். முக்கியமா, கவனக்குறைவோட துருதுருப்பும் சேர்ந்து இருந்தவங்ககிட்ட.

அப்பவும் கையேட்டில் ஒரு முட்டுக்கட்டை பாக்கி. அறிகுறி 7 வயசுக்குள்ளேயே தெரிஞ்சிருக்கணுமாம். சத்தம் போடாத ஏழு வயசுக்காரியை யாருங்க குறிச்சு வெச்சாங்க? 2013-ல்தான் அதை 12 வயசு ஆக்கினார்கள். 17 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு ஆறு அறிகுறிக்குப் பதிலா அஞ்சு போதும் என்றார்கள். ரீட்டா டென்னிஸ் ஆடி கிட்டத்தட்ட 70 வருஷம் ஆகியிருந்தது.