படித்த நாழிகைகளின் கணக்கு

தமிழில் கணக்கு என்ற சொல் எண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. அகரம் முதலாக வரும் எழுத்து வரிசையை நெடுங்கணக்கு என்கிறோம். பாட்டும் தொகையும் மேற்கணக்கு; பிற்பட்ட பதினெட்டு நூல்கள் கீழ்க்கணக்கு. நக்கீரரின் தந்தையாரை மதுரைக் கணக்காயனார் என்றே அறிகிறோம். கணக்காயர் என்றால் ஆசிரியர். எழுத்தும் எண்ணும் ஒரே திண்ணையில் ஒரே வாயால் ஓதப்பட்ட காலத்தின் எச்சம் இச்சொல். ஆகவே இலக்கியம் பேசும் இவ்விடத்தில் கணக்காயர் தேர்வைப் பற்றி எழுதுவதற்கு நாம் கூச்சப்படத் தேவையில்லை என்று நம்புகிறோம்.

எழுதத் தூண்டியது தென்னேரிப் பயணம். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் பக்கமாகச் சென்றால், கடலோ என ஐயுறும்படி விரிந்து கிடக்கும் பேரேரியின் கரையில் இவ்வூர் இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அமைந்த திரையனேரிதான் மருவித் தென்னேரி ஆயிற்று என்பர். சோழர் காலக் கல்வெட்டுகளைச் சுவரில் தாங்கிய சிவன்கோயில் ஒன்று இங்குண்டு. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், நண்பருக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டில் மோர் அருந்த அமர்ந்தோம். கூடத்தில் தறி. தறிக்கு அப்பால், சுவரோரத்தில், பட்டயக் கணக்காயர் இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவ்வீட்டு இளைஞர்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தம்பி படிப்பீங்க?" என்று கேட்டோம்.

"பதினாலு மணி நேரம் சார்."

சொன்ன வேகத்தில் ஒரு மனப்பாடத்தன்மை இருந்தது. அவருடைய தந்தையார் தறிக்குழியிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "ஒரு பொடவைக்கு எத்தினி மணி நேரம் ஆச்சுன்னு எங்கள யாருங்க கேக்கறாங்க? எத்தினி முழம் ஆயிருக்குதுன்னுதான் கேப்பாங்க."

இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தொலைவுதான் இக்கட்டுரை.

*

கணக்கு எழுதுபவனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கவலை தொண்டை மண்டலத்துக்குப் புதிதன்று. காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நம் வாசகர்கள் அறிவார்கள். குடவோலை முறை என்றதும் நினைவுக்கு வருபவை அவையே. முப்பது குடும்புகள், வாரியங்கள், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், வயது 35க்கு மேல், 70க்குள், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல். கல்வியில் மேம்பட்டவனுக்கு நிலத் தகுதி அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது என்பதும் அக்கல்லில் உண்டு. நிலம் குறைந்தவன் கல்வியால் அதை ஈடுகட்டலாம் என்ற எண்ணம் ஆயிரமாண்டுப் பழமை உடையது. ஆனால் அங்கே கல்வி என்றது வேதக் கல்வி. அது யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பதை மறந்துவிட்டு நாம் பெருமை பேச இயலாது.

குடவோலையின் புகழில் மறைந்துபோன செய்தி ஒன்றும் அதே சாசனத்தில் இருக்கிறது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலை இடப்பெறும் தகுதியை இழந்தார்கள். கணக்கு எழுதுபவனுக்கோ தனி விதி. தான் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்கள் முன் ஒப்புவித்துத் தூயவன் எனப்பட்டாலன்றி, அவன் மீண்டும் அப்பணிக்கு வர இயலாது. அக்கணக்கை அவனே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் அதை முடித்துக் கொடுக்கக் கூடாது. எத்தனை ஆண்டு கற்றாய் என்று அக்கல் கேட்கவில்லை. எழுதியதைக் காட்டு என்கிறது. தறிக்குழியிலிருந்து வந்த விடையும் ஏறத்தாழ இதுவே.

*

பிற்காலத் திண்ணைப் பள்ளியிலும் கற்ற நேரத்தை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. எண்ணப்பட்டது வாய்ப்பாடு. எண்சுவடியை மனத்தில் ஏற்றிய சிறுவன் முழு எண்களோடு நின்றுவிடுவதில்லை. கால், அரைக்கால், வீசம், மா, காணி என இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரை அவன் வாய் பழகியிருக்கும். அதற்கும் கீழே முந்திரியின் 320இல் ஒரு பங்கான கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் இவ்வளவு நுணுக்கம் தேவைப்பட்டது. விடியலில் தொடங்கும் நாள், மாலையில் எல்லோரும் சேர்ந்து முறை சொல்வதோடு முடியும். சட்டாம்பிள்ளை சொல்லித்தர மற்றவர் தொடர்வர். 1789இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்தி, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் விளங்கியது.

இப்பயிற்சி ஊர்க் கணக்குப்பிள்ளையின் வீட்டில் இன்னும் இறுக்கமாக நடந்தது. கர்ணம் என்ற பதவி பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. சிட்டா, அடங்கல் என்ற சொற்கள் அவ்வீட்டுக் குழந்தைக்குத் தாலாட்டோடு சேர்ந்தே காதில் விழுந்திருக்கும். எத்தனை மணி நேரம் படித்தாய் என்று அக்குழந்தையை யார் கேட்பார்கள்? மூச்சு விடுவதை மணிக்கணக்கில் சொல்பவர் உண்டா?

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கர்ணங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றும், 1982இல் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. அவ்விடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பின்னாளில் அப்பதவிக்கான வழி தேர்வாணையத்தின் போட்டித் தேர்வாயிற்று. பரம்பரை போய்த் தேர்வு வந்தது. நேரத்தை எண்ணும் வழக்கமும் உடன் வந்தது என்பது எமது எண்ணம். வீட்டில் கணக்கு மணக்காதவன் அதை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அவனிடம் உள்ள ஒரே முதல் நேரம். தன் முதலைச் சற்றுக் கூட்டிச் சொல்வது எல்லா வணிகருக்கும் உள்ள ஆசைதானே.

*

பட்டயக் கணக்காயர் தொழிலின் வரலாறும் இதையொட்டியே செல்கிறது. எடின்பரோக் கணக்காளர் சங்கம் அரச பட்டயம் பெற்றது 1854இல். அக்காலத்து பிரிட்டனில் ஒரு மூத்தவரிடம் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தப் பயிற்சியாளராக இருந்து தேறுவதே முறை. இந்தியாவில் 1913ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு தணிக்கையாளரின் தகுதி அரசின் அக்கறைக்கு உள்ளாயிற்று. 1918இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் ஏற்பட்டது. 1932இல் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகள் வந்தன. இன்றைய பட்டயக் கணக்காயர் நிறுவனம் நாடாளுமன்றச் சட்டப்படி 1949 சூலை 1 அன்று உருவாயிற்று. அரசமைப்புச் சட்டம் ஏற்கப்படுவதற்கும் ஏறத்தாழ ஐந்து மாதம் முன்னதாக! உறங்குவோருக்குள் உறங்காது விழித்திருப்பதைப் பேசும் கடோபநிடதத் தொடர் ஒன்று அதன் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மெய்ப்பொருள் குறித்த அத்தொடரை, இரவெல்லாம் விழித்துப் படி என்ற கட்டளையாக மாணவர்கள் எடுத்துக்கொண்டார்களோ என்று வேடிக்கையாக எண்ணத் தோன்றுகிறது.

இத்துறையில் நமக்கு உரிய பெயர் ஆர். சிவபோகம். சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றவர். சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வழிநின்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறைக்குச் சென்றார். வெளியே வந்ததும் கணக்கியலைக் கையிலெடுத்து, 1933இல் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் ஆனார். சிறை சென்றவர் இத்தொழிலில் பதிவு பெறத் தடை குறுக்கிட்டபோது வழக்காடி வென்று, 1937இல் தனியே அலுவலகம் தொடங்கினார். ஐம்பதுகளில் நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் முதல் பெண் பட்டயக் கணக்காயராக ஏற்கப்பட்டது 1920இல். பல்லாண்டுகள் கதவைத் தட்டிய பிறகு கிடைத்த இடம் அது. இவ்விருவரும் நாளுக்கு எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்று வரலாறு குறித்துவைக்கவில்லை. எந்தக் கதவு மூடியிருந்தது, எந்த ஆண்டு திறந்தது என்பதையே குறித்திருக்கிறது.

*

தென்னேரி இளைஞரிடம் திரும்புவோம். பதினான்கு மணி நேரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மெல்ல விசாரித்தோம். பயிற்சி வகுப்பொன்றில் முதல் நாளே சொன்னார்களாம். தேறியவர்கள் மேடையேறி அதையே சொன்னார்களாம். தாமும் சொல்லாவிட்டால் சோம்பேறி என்பார்கள் அல்லவா? நம்முடன் வந்த நண்பர் அத்தொழிலில் இருபதாண்டு கழித்தவர். அவர் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்து, "இத நாள்வழி மாதிரி எழுதுங்க தம்பி. புத்தகத்தத் திறந்த நேரம், மூடின நேரம். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அவர் குரல் இறங்கியிருந்தது. வாரத்துக்கு 98 மணி நேரம் என்று நம்பியிருந்தவர்க்குக் குறிப்பேடு காட்டியது 43. தந்தைக்குப் பாவு பிணைக்க உதவியது, கைப்பேசி, கண்ணயர்ந்தது, படித்த பக்கத்தையே மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் கழிந்தபின் நின்ற மீதி. "ஏமாத்திட்டேன் சார்" என்றார். யாரை என்று சொல்லவில்லை.

இது அவருக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. அமெரிக்காவில் மக்களின் நேரக் குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள், வாரம் 75 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாகச் சொன்னவர்கள் உண்மையில் சுமார் 25 மணி குறைவாகவே உழைத்ததைக் கண்டார்கள். பெரிய எண்ணைச் சொன்னவர்களிடமே பிழையும் பெரிதாக இருந்தது. பெர்லின் இசைக்கல்லூரியின் வயலின் மாணவர்களை எரிக்சனும் தோழர்களும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றையும் காட்டியது. மிகச் சிறந்த மாணவர்களின் தனிப்பயிற்சி நாளுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம்தான். இடைவெளி விட்டுப் பயின்றார்கள். நன்றாக உறங்கவும் செய்தார்கள். 1885இலேயே ஜெர்மானியரான எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்தார். ஒரே மூச்சில் 68 முறை ஓதியதால் கிடைத்த பயன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து ஓதியபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. மாலைதோறும் முறை சொல்ல வைத்த திண்ணை வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இனிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு மாதம், 120 நாள். நாளுக்குப் பதினான்கு மணி என்றால் 1,680. வாரத்துக்கு 43 என்றால் ஏறத்தாழ 740. இடையிலுள்ள 940 மணி நேரமும் எங்கும் இல்லாத சொத்து; ஐந்தொகையில் ஏற்றினால் தணிக்கையாளர் கையெழுத்திட மாட்டார். ஆனால் மீந்த 740ஐ ஏளனம் செய்வதற்கில்லை. 2024இல் நடப்புக்கு வந்த பாடத்திட்டப்படி இறுதித் தேர்வில் ஆறு தாள்கள். தாளுக்கு 123 மணி நேரம் வருகிறது. முதலீட்டுத் துறையின் சி.எஃப்.ஏ. தேர்வை நடத்தும் நிறுவனமே ஒரு நிலைக்குச் சராசரியாக 300 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு தேர்வுகள்; ஒன்றுக்கொன்று ஈடாக்க முடியாது. ஆயினும் மனிதர் உண்மையில் படிக்கும் அளவு இன்னதென ஓரளவு புலப்படுகிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு பெற வேண்டிய இத்தேர்வில் தேறாதவரே எப்போதும் மிகுதி. ஆறு மணி நேரம் உண்மையாகப் படித்துவிட்டு, பதினான்கு படிக்கவில்லையே என்று குற்ற உணர்வோடு உறங்கப்போகும் பிள்ளை, தோற்றால் தன் உழைப்பின்மையையே காரணமாக்குகிறது. எந்தத் தாளில், எந்தப் பகுதியில் பிழைத்தோம் என்று பார்ப்பதில்லை. பொய்க்கணக்கின் முதற் தீங்கு, உண்மையான நட்டம் எங்கே என்று தெரியாமற் போவதே. தறி ஓடும் கூடத்தில் படிப்பவருக்கு இத்தீங்கு இரட்டிப்பு. தனியறையும் குறைவற்ற ஓய்வும் உடையவனின் எண்ணைத் தன் எண்ணாக அவர் சுமக்கிறார்.

சென்ற மாதம் அவரிடம் பேசினோம். குறிப்பேட்டை விடாமல் எழுதுகிறாராம். இப்போது வாரத்துக்கு 45, 46 வருகிறதாம். நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் போட்டிருக்கிறார்: அன்று புத்தகத்தை மூடிவிட்டுத் தானாகப் போட முடிந்த கணக்குகள் எத்தனை. "அப்பா கேட்டாரே, அந்த முழக்கணக்கு" என்று சிரித்தார். தேர்வு முடிவு என்னவாகுமென்று நமக்குத் தெரியாது. ஆனால் தன் கணக்கைத் தானே எழுதி, தானே ஒப்புவிக்கத் தொடங்கிவிட்டார். உத்திரமேரூர்க் கல்வெட்டு கணக்கனிடம் கேட்டதும் அதைத்தான்.