தனிச்சுற்றுக்கு மட்டும்: சித்திரக்கதையும் கையெழுத்து இதழும்

1972ஆம் ஆண்டு சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. அதன் முதல் நாயகனான இரும்புக்கை மாயாவி பிரிட்டன் வார இதழொன்றிலிருந்து வந்தவன். 1984இல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. பட்டாசுக்கும் நாட்காட்டிக்கும் பெயர்பெற்ற அச்சு நகரத்தின் இம்மலிவுத்தாள் புத்தகங்கள், பக்கத்து ஊர்களான ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தொடங்கித் தமிழகமெங்கும் வாசகரை உருவாக்கின.

சித்திரம் பெரும்பாலும் அயலிலிருந்து வந்தது. பலூனுக்குள் இருந்த தமிழே நம்முடையது. கௌபாய்க்கும் உளவாளிக்கும் கிடைத்த கட்டத்தில் சேரிப் பிள்ளைக்கு இடமிருக்கவில்லை. அதற்காக அவ்வாசிப்பை வெட்டிப் பொழுதுபோக்கென்று இயக்கத் தோழர்கள் சிலர் ஒதுக்குவது ஏற்கத்தக்கதன்று. மகிழ்ந்து படிப்பதற்கும் காரணம் சொல்லும் கட்டாயம் நம் மாணவருக்கு மட்டும் ஏன்?

அதே 1972இல்தான் மும்பையில் தலித் பேந்தர்ஸ் உருவானது. நாம்தேவ் தசால், ராஜா தாலே முதலானோர் மராத்திச் சிற்றிதழ் இயக்கத்தில் உருவானவர்கள். தமிழகத்தில் இம்மரபு இன்னும் பழையது: இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’ 1893இல் வந்தது, 1907இல் அயோத்திதாசர் தம் இதழுக்கு அதன் விலையையே பெயராக்கி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்றார்.

படக்கதையும் போராட்டத்துக்கு உதவியுள்ளது. மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பை விளக்கும் மார்ட்டின் லூதர் கிங் காமிக்ஸ், 1957இல் பத்து சென்ட் விலையில் வெளியாகி அமெரிக்கத் தென்மாநிலங்களில் பரவியது. இங்கே 2011இல் வந்த ‘பீமாயணம்’ அம்பேத்கரின் தீண்டாமை அனுபவங்களைச் சொல்கிறது. அதை வரைந்த பர்தான் கோண்ட் ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்க மறுத்தனர். அதில் அன்பான பேச்சுக்குப் பறவை வடிவப் பலூன். நஞ்சான சொல்லுக்குத் தேள்கொடுக்கு. சிவகாசிக் கட்டங்களில் பழகிய கண்ணுக்கு இது முற்றிலும் வேறு உலகம்.

இனி சட்டம். நம் சிற்றிதழ்களும் கையெழுத்து இதழ்களும் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிடுவது வழக்கம். அவ்வாசகம் தன்னளவில் காப்பாகாது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2024 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் (2023), குறித்த இடைவெளியில் அச்சாகிப் பொதுச் செய்தியோ அதன் மீதான கருத்தோ தாங்கும் வெளியீட்டையே பருவ இதழ் என்கிறது. பதிவின்றி அதை நடத்தினால் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் ‘அச்சிடுதல்’ என்பதன் வரையறையிலிருந்து ஒளிநகல் விலக்கப்பட்டுள்ளது. எனவே ஓர் ஏ4 தாளை மடித்து, நடுவில் ஒருமுறை வெட்டி, எட்டுப் பக்கமாக்கி, ஜெராக்ஸ் கடையில் நகலெடுக்கும் மாணவருக்குப் பதிவு தேவையில்லை. உள்ளடக்கத்துக்கான பொறுப்பு மட்டும் நீங்காது: அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356, பகைமை வளர்த்தலுக்குப் பிரிவு 196.

மாயாவியின் படத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் பதிப்புரிமைச் சிக்கல் எழும். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் கையாளப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52 இடமளிக்கிறது. அம்பேத்கர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. அவற்றின் தமிழ் மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு; ஆகவே மூலத்திலிருந்து நீங்களே தமிழாக்கி வரைவது நலம்.