துணை வைத்தியரின் முதல் உத்தியோகம்

1992-ஆம் ஆண்டில், பம்பாயின் மான்குர்டிலிருந்து கடற்கழியைக் கடந்து வாஷி வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வேரூன்றியிருந்த தமிழ்க் குடும்பங்களில் பல, பிள்ளைகள் படிப்பதற்குத் தனியே ஓர் அறையும் முதியவர்கள் காற்றாட உட்காரச் சிறிது திறந்த வெளியும் வேண்டி, நவி மும்பையின் சான்பாடா, நெருள் முதலிய புதுக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்து வர அந்த ரயில் பெருந்துணையாயிற்று. அதே ஆண்டில், சென்னை முகப்பேரில், இருதய சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில், டாக்டர் கே. எம். செரியன் 'பிஸிஷியன் அசிஸ்டென்ட்', அதாவது துணை வைத்தியர், என்னும் படிப்பை நம் நாட்டில் முதன்முதலாக ஆரம்பித்து வைத்தார். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் அன்று யாதொரு சம்பந்தமும் இருக்கவில்லை. இன்றோ, டாக்டர் படிப்புக்கு இடம் கிட்டாமலோ, அதன் செலவைத் தாங்கமாட்டாமலோ, அல்லது மனப்பூர்வமாக விரும்பியோ, தம் பிள்ளைகளை இத்துணை வைத்தியர் படிப்புக்கென்று சென்னைக்கு அனுப்பும் பெற்றோர் சான்பாடாவிலேயே இருக்கிறார்கள். நான்காண்டுகள் கழித்து அப்பிள்ளைகள் கையில் இரண்டு நியமனக் கடிதங்களை வைத்துக்கொண்டு, எதை ஏற்பது, எதை விடுப்பது என்று தத்தளிப்பதையும் பார்க்கிறோம். அந்தத் தத்தளிப்புக்குப் பின்னே ஏறக்குறைய இருநூறு ஆண்டுச் சரித்திரம் இருப்பதைப் பெரும்பாலோர் அறியமாட்டார்கள்.

வைத்தியரின் பக்கத்தில் நின்று, அவருடைய அதிகாரத்தின் நிழலிலே சிகிச்சை செய்யும் ஒரு வகுப்பாரைப் பழக்கி எடுக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஸர் பிரடெரிக் ஆடம் கவர்னராக இருந்த காலத்தில், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியைச் சார்ந்து ஒரு வைத்தியப் பள்ளி தொடங்கப்பெற்றது. 1850-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் என்று பெயர் பூண்டு, பின்னர் உலகப் பிரசித்தி பெற்ற மருத்துவர்களைத் தந்த அந்த ஸ்தாபனம், தோன்றிய நாளில் டாக்டர்களை உருவாக்குவதற்காக ஏற்பட்டதன்று. கம்பெனிப் படைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்த ஐரோப்பிய ஸர்ஜன்களுக்கு உதவியாக, மருந்து கலக்கும் அப்பாத்திக்கரிகளையும் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர்களையும் பயிற்றுவதற்காகவே ஏற்பட்டது. அங்கே படித்த இளைஞனுக்கு முதல் உத்தியோகம் எது என்ற கேள்வியே எழவில்லை. படிப்பும் சம்பளமும் சர்க்கார் கொடுத்தது. எந்தப் படையோடு எந்த ஊருக்குப் போகவேண்டுமோ அதையும் சர்க்காரே சொல்லிற்று. அவன் எவ்வளவு கற்பான் என்பது எந்த ஸர்ஜனிடம் போய்ச் சேர்ந்தான் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கற்றுக்கொடுக்கும் மனமுள்ளவரிடம் சேர்ந்தவன் சில ஆண்டுகளில் தானே நோயறிந்து சிகிச்சை செய்யும் பக்குவம் அடைவான். மனமில்லாதவரிடம் சேர்ந்தவன் பட்டித்துணி சுற்றியே காலம் கழிப்பான்.

கற்றவன் எங்கே போய் வேலை பார்ப்பான் என்ற கேள்வியை ஆழ்ந்து சிந்தித்தவர் ஒரு தமிழ்நாட்டுச் சர்க்கார் அதிகாரி அல்லர். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த அமெரிக்கர் ஒருவர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மேல்நாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்தில் கற்பித்தார். கற்றுத் தேர்ந்தவர்களில் பலரும் சர்க்கார் உத்தியோகத்தையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடலாயினர். எந்தக் கிராமத்து மக்களின் துயரைக் கண்டு அவர் அப்பள்ளியைத் தொடங்கினாரோ, அந்தக் கிராமத்து மக்கள் முன்போலவே கைவிடப்பட்டவர்களாய் இருந்தனர். தாய்நாடு சென்று 1862-இல் திரும்பி வந்த கிரீன், இரண்டாண்டுகளில் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். அதற்கான நூல்கள் இல்லையே என்று அவர் பின்வாங்கவில்லை. மாணவர்களையும் தமிழறிந்தவர்களையும் துணைக்கொண்டு 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய பெரு நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலே கற்றவன் தன் ஊரிலேயே தங்கி, தன் ஜனங்களுக்கு நடுவிலேயே பிழைப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. 1873-இல் அவர் இலங்கையை விட்டுச் சென்றபோது, அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் கற்பித்திருந்தார்.

கிரீனுடைய உள்ளத்தின் பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் அவர் செய்தது, மாணவன் தேர்ந்துகொள்ள வேண்டிய முதல் உத்தியோகத்தை ஆசிரியரே பாடமொழியின் வாயிலாக அவனுக்காகத் தேர்ந்துவிட்டதாகும் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பம்பாயிலும் இதே காலத்தில், 1845-இல் தோன்றிய கிராண்ட் மெடிக்கல் காலேஜில், ஹாஸ்பிடல் அஸிஸ்டென்ட்டுகளுக்கென்று மராத்தியிலும் குஜராத்தியிலும் வகுப்புகள் நடந்தன. அங்கும் படித்து வந்தவனை அனுப்பும் இடத்தைச் சர்க்காரே தீர்மானித்தது.

உண்மையான தேர்வு என்பது எல்.எம்.பி. வைத்தியர்களின் காலத்தில்தான் பிறந்தது. நாலு வருஷப் படிப்பு, பட்டத்துக்குப் பதிலாக ஒரு டிப்ளோமா, கையில் ஒரு பெட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். நம் பாட்டன்மார் 'டாக்டர்' என்று மரியாதையோடு அழைத்தவர்களில் பெரும்பாலோர் இவர்களே. சென்னை ராயபுரத்துப் பள்ளியிலோ வேறொரு வைத்தியப் பள்ளியிலோ தேறி வெளிவந்த ஒருவனுக்கு 1920-களில் பல வாயில்கள் திறந்திருந்தன. சப்-அஸிஸ்டென்ட் ஸர்ஜனாகச் சர்க்காரில் சேரலாம். பென்ஷன் உண்டு, ஆனால் சில வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் மாறவேண்டும். ரயில்வேயில் சேரலாம், குடியிருக்கப் பங்களாவும் பிரயாணத்துக்குப் பாஸும் கிடைக்கும். ஜமீனிலோ, இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலோ சேரலாம். அங்கே துரையின் தயவே சட்டம். மிஷன் ஆஸ்பத்திரியில் சேரலாம். சம்பளம் சொற்பம், கற்பதோ ஏராளம். இவற்றுக்கும் மேலாக, பனகல் ராஜா முதன்மந்திரியாக இருந்த நீதிக்கட்சி ஆட்சியில், 1924-ஐ ஒட்டி, சென்னை மாகாணம் ஒரு நூதனமான திட்டத்தைக் கொண்டுவந்தது: கிராமத்தில் போய்க் குடியேறும் வைத்தியருக்குச் சர்க்கார் ஆண்டுதோறும் ஒரு தொகை மானியம் அளிக்கும்; ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்துவிட்டு, வசதியுள்ளவர்களிடம் அவர் பணம் வாங்கிக்கொள்ளலாம். கிரீன் பாடமொழியால் சாதிக்க விரும்பியதை இத்திட்டம் பணத்தால் சாதிக்க முயன்றது என்று சொல்லலாம். ஆனால் போவதும் போகாததும் வைத்தியரின் இஷ்டமாக இருந்தது. அந்த மரியாதையே எனக்கு இத்திட்டத்தில் மிகவும் பிடித்த அம்சம்.

பெண்களுக்கோ வாயில்கள் குறைவு. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-இல் தொடங்கிய பெண்கள் வைத்தியப் பள்ளியிலிருந்து, 1922-இல் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் எல்.எம்.பி. தேறி வெளிவந்தார்கள். ஆண் வைத்தியரிடம் காட்ட மறுத்து, பிரசவ வேதனையிலேயே மாண்டுபோன பெண்களின் நாடு இது. ஆகவே அந்தப் பதினால்வருக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் மிஷன் ஆஸ்பத்திரியையும் பெண்கள் ஆஸ்பத்திரியையும் விட்டால் வேறு இடம் அவர்களைப் பெரும்பாலும் அழைக்கவில்லை. அவ்விடங்களிலேயே அவர்கள் அறுவைச் சிகிச்சைவரை கற்றுத் தேர்ந்தார்கள் என்றால், பக்கத்தில் நின்று கற்பித்தவர்களின் தரமே அதற்குக் காரணம்.

இந்த எல்.எம்.பி. வகுப்பார் மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்ட கதை வருந்தத்தக்கது. 1933-ஆம் ஆண்டின் இந்திய மெடிக்கல் கவுன்சில் சட்டம் அவர்களை அகில இந்தியப் பதிவேட்டில் சேர்க்கவில்லை. ஸர் ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி 1946-இல் தன் அறிக்கையை வெளியிட்டபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவுபெற்ற வைத்தியர் ஏறக்குறைய 47,500 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் இவர்களே. ஆயினும் இனி எம்.பி.பி.எஸ். என்னும் ஒரே தரத்து வைத்தியர் போதும், டிப்ளோமாப் பள்ளிகள் வேண்டா என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். சில உறுப்பினர்கள் மாறுபட்டு எழுதினார்கள். ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம் என்று வைத்தியம் பிரியலாகாது என்னும் தர்மம் அம்முடிவில் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் பள்ளிகளை மூடிய வேகத்தில் கல்லூரிகளைத் திறக்க முடியவில்லை. ராயபுரம், வேலூர் போன்ற பள்ளிகள் கல்லூரிகளாக உயர்ந்தன, கிராமத்து எல்.எம்.பி. டாக்டர் கண்மூடிய பிறகு அவருடைய திண்ணையில் உட்கார ஆள் வரவில்லை. பள்ளிக்கூடமே காணாத கம்பவுண்டர் அந்த இடத்தில் வந்து ஊசிபோட ஆரம்பித்தார்.

நாம் மூடிய கதவை அமெரிக்கா வேறொரு பக்கமாகத் திறந்தது. வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தில், டாக்டர் யூஜீன் ஸ்டெட் 1965-இல், கடற்படையில் வைத்திய ஊழியம் பார்த்துத் திரும்பிய நால்வரைச் சேர்த்துக்கொண்டு, வைத்தியரின் மேற்பார்வையில் வேலை செய்யும் துணைவர்களைப் பயிற்றத் தொடங்கினார். கால் நூற்றாண்டு கழித்து அக்கருத்து சென்னைக்கு வந்தது. கொண்டுவந்தவர், 1975-இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையைச் செய்த அதே செரியன். இருதய அறுவையில் துணைவரின் கைக்கு எவ்வளவு வேலை என்பது பார்த்தவர்களுக்கே தெரியும். ஸர்ஜன் மார்பைத் திறக்கும் வேளையில், இருதயத்தில் ஒட்டவைப்பதற்கான ரத்தக்குழாயைக் காலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்துவது, அறுவைக்குப் பின் ஐ.சி.யு.வில் இரவெல்லாம் கண்காணிப்பது, ரவுண்ட்ஸில் நோயாளியின் நிலையை எடுத்துச் சொல்வது, வீடு திரும்புவோருக்கு டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, பயந்த குடும்பத்தாருக்கு அவர்கள் பாஷையில் விளக்குவது என்று அது விரியும். 2025-இல் செரியன் மறைந்தபோது, அவர் ஊன்றிய இப்படிப்பு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பல கல்லூரிகளில் வேர்பிடித்திருந்தது. 2021-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் இவர்களையும் சுகாதாரத் தொழிலாளர் அட்டவணையில் சேர்த்து அங்கீகரித்தது.

ஆனாலும் இத்தொழிலின் அடிப்படை 1835-இல் எப்படியோ அப்படியே இன்றும் இருக்கிறது. டாக்டருக்கு அதிகாரம் பட்டத்தோடு வருகிறது. துணை வைத்தியருக்கோ அவர் பக்கத்தில் நிற்கும் டாக்டரின் நம்பிக்கையிலிருந்து வருகிறது. பட்டத்தை ஊர்விட்டு ஊர் எடுத்துச் செல்லலாம். நம்பிக்கையை ஒவ்வோர் இடத்திலும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். ஆகவே மற்றவர்களுக்கு முதல் வேலை என்பது சம்பாத்தியத்தின் தொடக்கமாக இருக்கலாம்; இவர்களுக்கு அதுவே படிப்பின் இரண்டாம் பாதி.

எங்கள் கட்டடத்துப் பெண்ணொருத்திக்குச் சென்ற வருஷம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, சான்பாடாவிலிருந்து சில ஸ்டேஷன் தூரத்தில் நவி மும்பையிலேயே ஒரு மருத்துவமனை. சம்பளம் அதிகம், வீட்டுச் சாப்பாடு, துணை வைத்தியரை அங்கே இதுவரையில் எவரும் வேலைக்கு வைத்ததில்லை. மற்றொன்று, சென்னையில் ஓர் இருதயப் பிரிவு. சம்பளம் குறைவு, விடுதி வாசம், மூத்த துணை வைத்தியர்கள் பலர் இருக்கும் இடம், இரண்டு வருஷத்துக்குப் பாண்டு. "சம்பளத்தைப் பார்த்தா இங்கேதான் மாமா சேரணும். ஆனா கத்துக்கணும்னா அங்கேதான் ஆளிருக்கு," என்றாள். படிப்புக் கடனைத் தீர்க்கவேண்டிய தகப்பனாருடைய கவலையை அலட்சியம் செய்ய எனக்கு உரிமை இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டே, இரண்டு இடத்திலும் ஒரே விதமாகக் கேட்கச் சொன்னேன். எந்த ஸர்ஜனின் கீழ் வேலை, அவருக்கு நேரே பதில் சொல்லவேண்டுமா, நிர்வாகத்துக்கா? ஓ.டி.யில் எத்தனை நாள், வார்டில் எத்தனை நாள், மேஜையில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் காகிதம் நிரப்புவது எத்தனை நாள்? நைட் டியூட்டியில் சந்தேகம் வந்தால் கூப்பிடுவதற்கு யார் இருப்பார்? எழுதும் குறிப்பில் யார் கையெழுத்திடுவார்?

சென்னையிலிருந்து ஒரு மூத்த துணை வைத்தியரே தொலைபேசியில் பேசி, முதல் ஆறு மாதத்தில் என்னென்ன கற்பிப்பார்கள் என்பதை விரிவாகச் சொன்னார். நவி மும்பையில், சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் மனத்தில் வஞ்சனை இருந்ததாக நான் நினைக்கவில்லை. தங்களுக்கே தெரியாததை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? கடன் தவணையைத் தகப்பனார் ஒரு வருஷத்துக்குத் தாம் ஏற்றுக்கொள்வதாகச் சம்மதித்தார். சென்னைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், பாண்டுக் காலம் முடியும்வரை அசல் சான்றிதழ்களை மருத்துவமனையிலேயே ஒப்படைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் நீக்கித் தரும்படி அவளை எழுதச் சொன்னேன், நீக்கித் தந்தார்கள்.